நைனாவின் ரத்தமும் அம்மாவின் ஐஸ் பெட்டியும்

1

போன தை மாதத்தில் என் நைனாவின் ரத்தம் ஓர் இரவு முழுவதும் இறாலோடு ஐஸில் கிடந்தது. விடிந்ததும் இறாலோடேயே பசியாவரத்தில் படகேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்குப் போனது. இறால் வழக்கம்போல விற்றுப்போனது. ரத்தம் மட்டும், இந்த மனிதரின் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்று சொல்லிவிட்டது.

இந்தச் செய்தி எனக்கு வந்தபோது நெதர்லாந்தில் மதியம். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபின் சாப்பாட்டு அறையில் கையில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன். இங்கே மதியத்தில் யாரும் சூடாகச் சாப்பிடுவதில்லை. ரொட்டி, வெண்ணெய், அதன்மேல் சாக்லேட் தூவல். பெரிய பெரிய டாக்டர்கள்கூடப் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிடும் குழந்தைகள்போல அதைத் தின்கிறார்கள். எனக்கும் பழகிவிட்டது. ஊரில் சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்பதால் சொல்வதில்லை.

போனில் தம்பி தினேஷ். முதலில் ஒரு போட்டோ வந்தது, பொன்னேரி லேபின் ரிப்போர்ட். நைனா பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் பொன்னேரி டாக்டர் எழுதிக்கொடுத்த வழக்கமான சோதனை. சர்க்கரை சரி, கிரியாட்டினின் சரி. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு, ஐந்துக்குள் நிற்க வேண்டியது. அந்த எண்ணைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் லேபில் அப்படி ஓர் எண் மெஷினில் வந்தால் திரையில் அந்த வரி சிவப்பாக மாறும். யார் பார்க்கிறாரோ அவர் மற்ற வேலையை விட்டுவிட்டு டாக்டருக்கு போன் செய்ய வேண்டும்.

2

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பசியாவரத்துப் பெண். சென்னையில் மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்துவிட்டு இங்கே வந்தவள். மற்றவர்கள் ரத்தம் என்றால் முகத்தைத் திருப்புவார்கள், எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கேள்விதான் வரும். சுழற்றி எடுத்த குழாயில் மேலே நிற்கும் மஞ்சள் நீரைப் பார்த்து, இவர் நேற்று ராத்திரி எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டிருப்பாரோ என்று யோசிப்பேன். பெரும்பாலும் சாப்பிட்டிருப்பார். கலங்கலாக இருக்கும்.

என் ஆஸ்பத்திரி கெல்டர்லாந்து என்ற மாகாணத்தில் இருக்கிறது. வந்து பல மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. இப்போது அங்கே முள்ளும் அகழியும்தான் மிச்சம், ஆனால் அந்தப் பெயர் இந்த மாகாணத்தின் பெயர்தான். அவர்கள் இங்கேயிருந்து அங்கே போய்த் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். நான் அங்கேயிருந்து இங்கே வந்து நகராட்சி அலுவலகத்தில் பிறந்த ஊர்ப் பெயரைப் பதியமுடியாமல் நின்றேன். பாஸ்போர்ட்டில் பழவேற்காடு, பிறப்புச் சான்றிதழில் புலிகாட். இரண்டும் ஒரே ஊர்தான் என்றால் கவுண்டரில் இருந்த பெண்மணி ஒப்புக்கொள்ளவில்லை. "இரண்டு ஊரில் ஒருவர் பிறக்க முடியாதே" என்றார், மிகவும் மரியாதையாக. மேலதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, "எங்கள் ஆட்கள் இதை பலியகட்டா என்று எழுதியிருக்கிறார்கள்" என்று மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் டச்சுக் கல்லறை வழியாகத்தான் படகுத்துறைக்கு வருவோம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். மற்ற பெண்களுக்கு அதைப் பார்த்தால் பயம். எனக்கு, இவர்கள் எல்லாம் எதனால் செத்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். மலேரியாவா, காலராவா, வெறும் வெயிலா? அந்தக் காலத்துக் கோட்டை வைத்தியர் நோயாளியின் சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நோய் சொல்லியிருப்பார். அந்தக் குடுவையைக் கழுவிவைக்க நிச்சயம் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இருந்திருப்பார். ஒரு நாளாவது அவரும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாரா?

3

தினேஷ் மணலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அன்று நல்லவேளையாக வீட்டில் இருந்தான்.

"டாக்டர் போன் பண்ணாருக்கா. இப்பவே இட்டுனு வாங்க, ஈசிஜி எடுக்கணும், தேவப்பட்டா சென்னைக்கு அனுப்பணும்னு சொல்றாரு. இவரு வரமாட்டேன்றாரு."

"ஏன்டா?"

"நாளைக்குப் பாடு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இறால் விழும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். உன் நாள் உன்னுடையது, வேறு யாரும் அங்கே வலை கட்டமாட்டார்கள். நீ போகாவிட்டால் அந்த நாள் போனதுதான். ஊர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றித்தான் மறுபடி உன்னிடம் வரும். தை மாதத்து இறால் அதற்குள் கடலுக்குப் போயிருக்கும்.

நைனா போனை வாங்கினார்.

"எனக்கு இன்னா? நல்லாத்தான கீறேன். காலையிலேர்ந்து வலைய சரி பண்ணினு கீறேன். அது இன்னா பொட்டாசியம்? திருப்பாலைவனத்துல நெல்லுக்குப் போடுவாங்களே, அதுவா?"

"அதேதான் நைனா. கிட்டத்தட்ட."

"என் ஒடம்புல எவன் கொண்டாந்து போட்டான்?"

அம்மா பின்னால் இருந்து, "சிரிக்காத, கேளு. பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேளு" என்றார். அம்மா பொன்னேரி மார்க்கெட்டில் மீனும் இறாலும் விற்கிறவர். அவர் குரல் தண்ணீர் தாண்டிக் கேட்கும். அன்று தணிந்திருந்தது.

நான் எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்கிறது கிரியாட்டினின். பொட்டாசியம் மட்டும் ஏன் தனியாக ஏறி நிற்கிறது? இந்த மாதிரி இடத்தில் எனக்குக் கை பரபரக்கும்.

"யம்மா, ரத்தம் எப்போ எடுத்தாங்க?"

"நேத்து சாயங்காலம். நர்ஸக்கா டூட்டி முடிச்சி வூட்டுக்கு வந்துதான் எடுத்துச்சு." நர்ஸக்கா பக்கத்துத் தெருக்காரர்.

"லேப்ல எப்போ குடுத்த?"

"இன்னிக்கி யாவாரம் முடிச்சிட்டு."

"ராத்திரி எங்க வெச்ச?"

"இன்னா கேள்வி கேக்கற. பொட்டியிலதான். அடியில ஒரு வரி ஐஸு, அதுமேல எறா, மேல ஒரு வரி ஐஸு. நடுவுல உங்க நைனா ரத்தம். கெட்டுப்போவ வுடுவனா?"

"குடுக்கும்போது ஜில்லுன்னு இருந்துச்சா?"

"முந்தானையில நல்லா தொடச்சி, கையில கொஞ்ச நேரம் வெச்சினு இருந்துதான் குடுத்தேன். கவிச்சி வாட வந்தா அந்த லேப் பொண்ணு மூஞ்ச சுளிக்கும்ல."

4

எங்கள் ஊரில் எதைக் காப்பாற்ற வேண்டுமானாலும் ஐஸ்தான். மீன், இறால், நண்டு, வெளியூர் போகும் மல்லிகைப்பூ, கல்யாணத்துக்கு வாங்கிய பால். அம்மாவுக்கு ரத்தமும் அப்படித்தான். யோசித்தால், எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை இவ்வளவு உறுதியாக வந்திருக்காது. ஆனால் சுழற்றிப் பிரிக்காத ரத்தத்துக்கு ஐஸ் ஆகாது.

ரத்தத்தின் பொட்டாசியத்தில் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் நீரில் கொஞ்சம்தான். நாங்கள் லேபில் அளப்பது அந்தக் கொஞ்சத்தை. உள்ளே இருப்பது எப்போதும் சிறிது சிறிதாகக் கசியும். அணு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் ஒருவர் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீர் இறைப்பதுபோல ஒரு வேலை. குளிரில் அந்தக் கை விறைத்துப்போகிறது. இழுப்பு நிற்கிறது, கசிவு நிற்பதில்லை. இதில் வேடிக்கை, அணு உடைந்தால் நீர் சிவந்துவிடும், பார்த்ததும் யாருக்கும் தெரியும். குளிரில் அணு உடையாமலே கசிகிறது. நீர் தெளிவாக, அழகாக நிற்கும். பொன்னேரி லேபில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

இதை நான் பாடத்தில் படித்திருந்தாலும் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு கிராமத்து டாக்டரிடமிருந்து வந்த குழாய்கள் எல்லாவற்றிலும் பொட்டாசியம் ஏறியிருந்தது. என் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் யோரிஸ், என் வயதுக்காரன், "அந்த ஊர் முழுக்க ஒரே சிறுநீரகத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்களா?" என்றான். விசாரித்தால், குழாய்ப் பெட்டியை யாரோ வாசலில் பனியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். பனி பெய்யும் ஊரில் அது நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பசியாவரத்தில் நடக்கும் என்று நினைக்கவில்லை.

ஆக எனக்கு விடை கிடைத்த மகிழ்ச்சி. அதைப் போனில் அப்படியே கொட்டிவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அப்போ ஐஸு வேலதான்" என்றார் நைனா. "முடிஞ்சிது. தினேஷு, டாக்டருக்குப் போன் போட்டு சொல்லிடு. நான் போயி வலைய படகுல ஏத்தறேன்."

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடிய வகை. நிஜமாகவே ஏறியிருக்கலாம். ஐஸ் அதை இன்னும் ஏற்றியிருக்கலாம். ஐஸ் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். அது நிஜமாக இருந்து, விடியற்காலையில் இழுக்கும் தண்ணீரில் அவர் வலைக்குக் கழி நட்டுக்கொண்டிருக்கும்போது இதயம் நின்றால், அது என் வாயால் நின்றதாக இருக்கும்.

"நைனா, இரு. ஐஸாலயும் இருக்கலாம், மாத்திரையாலயும் இருக்கலாம். நான் இங்கேர்ந்து எப்படிச் சொல்றது? இப்பவே பொன்னேரிக்குப் போ. ஈசிஜி எடு. லேப்லயே ஒக்காந்து புதுசா ரத்தம் குடு."

"போனா நைட்டு திரும்பிவர முடியுமா? பாடு போச்சு."

"போவட்டும்."

"நீ அங்க ஒக்காந்துனு போவட்டும்ன்ற. ஐஸாலதான்னு நீதான சொன்ன. நீதான படிச்ச."

"படிச்சதாலதான் போகச் சொல்றேன்."

அவர் போனைத் தினேஷிடம் கொடுத்துவிட்டார். வலையை இழுக்கும் சத்தம் கேட்டது. தினேஷ் மெதுவாக, "அக்கா, ஒண்ணு சொல்லு. நிஜமா, பொய்யா?" என்றான். தெரியாது என்றேன். லேபில் வேலை செய்கிறவளிடம் அவன் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

நைனாவை நிறுத்தியது நான் இல்லை, கோவிந்தன் மாமா. அம்மாவின் தம்பி. நைனாவோடு சேர்ந்து வலை கட்டுகிறவர். வலை ஏற்ற வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மச்சான், நீ தண்ணியில வுழுந்தா நான் வலைய புடிப்பனா, உன்ன புடிப்பனா?" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. "அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? நான் வரல."

"நீ வரலனா போ. நான் தனியா போறேன்."

"போ. படகு என்னுது."

அதே படகில்தான் நைனாவைப் பழவேற்காட்டுக்கு ஏற்றிப்போனார்கள்.

5

விமானம் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. பழையது காலாவதி, புதியது வரவில்லை. ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வர பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அதற்கு நேரம் கேட்டுப் பதிய வேண்டும். பதியும் பக்கத்தில் முதல் காலி நாள் ரொம்பத் தள்ளி இருந்தது.

யோரிஸ் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். சொன்னேன். அவன் முதலில் சிரித்துவிட்டு, பிறகு நிறுத்திக்கொண்டு, வரிசையாகக் கேள்விகள் கேட்டான். ஐஸ் கட்டியா, தூளா? பெட்டி தெர்மாகோலா? குழாய் ஐஸைத் தொட்டபடி இருந்ததா? கடைசியில், "நாமே செய்துபார்த்துவிடலாமே" என்று சட்டைக் கையை மடித்தான்.

மேற்பார்வையாளரிடம் கேட்டோம். வழக்கமான சோதனைகள் முடிந்தபிறகு செய்துகொள்ளுங்கள் என்றார். எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்து, ஆளுக்கு ஒரு குழாயை உடனே அளந்தோம், ஒன்றை மேசைமேல் வைத்தோம், ஒன்றை ஐஸில் புதைத்தோம். யோரிஸ் இறால் வாங்கி வரட்டுமா என்று கேட்டான், கிண்டலுக்கு இல்லை. வேண்டாம் என்றேன்.

இதற்கிடையில் பொன்னேரியில் ஈசிஜி எடுத்து, சரியாக இருக்கிறது என்றார்களாம். ஆனாலும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. காலையில் ரத்தம் பார்க்காமல் விடமாட்டேன் என்று கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். நைனா எழுந்து எழுந்து உட்கார்ந்தார் என்று அம்மா சொன்னார். காற்று எந்தப் பக்கம் என்று ஜன்னலில் பார்த்தாராம். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டுதான் தெரிந்ததாம்.

மறுநாள் காலை ஐஸில் இருந்த என் ரத்தத்தை அளந்தேன். முந்தின நாள் நான்கு புள்ளி ஒன்று. இப்போது ஆறு புள்ளி மூன்று. மேசைமேல் இருந்தது பெரிதாக மாறவில்லை. யோரிஸுடையது அதற்கும் மேலே. எங்கள் இருவரின் வரிகளும் திரையில் சிவப்பாக மாறின. மெஷின் கணக்குப்படி நாங்கள் இருவரும் படுக்கையில் இருக்க வேண்டும். நான் குளிரறைக்குப் போய் வேறு குழாய்களை எடுக்க வந்தவள்போல நின்றுகொண்டு போனைப் பார்த்தேன். இது நடக்கக்கூடியது என்பது மட்டும்தான் எனக்கு இப்போது தெரியும். அவருக்கு நடந்தது இதுதானா என்று தெரியாது.

அங்கே மதியம் ஆகியிருந்தது. தினேஷிடமிருந்து புது ரிப்போர்ட்டின் போட்டோ வந்தது. பொட்டாசியம் நான்கு புள்ளி நான்கு.

6

அடுத்த பத்துப் பதினைந்து நாள் நைனா என்னோடு பேசவில்லை. போன் செய்தால், "சாப்பிட்டியானு கேக்கறாரு" என்று அம்மா சொல்வார். அவர் கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கு முகத்துவாரத்தில் அவர் இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்து இடத்தில் கட்டியவருக்கு வலை கிழியும் அளவுக்கு இறால் விழுந்ததாம். அதை நான்கு பேர் வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இதையெல்லாம் சொல்லாமல் யாரும் இருக்கமாட்டார்கள்.

தினேஷ்தான் ஒருமுறை சொன்னான். "நல்லா கீறேன்னு நான் சொன்னா நம்பல, பேப்பர் சொன்னா நம்பறீங்க, அதுக்கு என் பாடு நாளக் குடுத்தேன்னு பேஜார் பண்றாருக்கா." அவர் சொன்னது சரிதான், நன்றாகத்தான் இருந்தார். அடுத்த முறை இதே எண் வந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். இரண்டும் உண்மையாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை.

"ஏம்மா, ஐஸுல வெச்சா ரத்தத்துல கீறது வெளிய வந்துடுதுன்ற. அப்போ எறாவுக்கும் வருமா?"

"தெரியல நைனா. எறாவுக்கு ரத்தமே வேற மாதிரி."

"பொட்டியில கரையற தண்ணிய உங்கம்மா தெனிக்கும் கீழ ஊத்தறா. அதுல இன்னா போவுதுனு எவனுக்குத் தெரியும்? படிச்சிப் பாரு."

"பாக்கறேன்."

"பாத்து சொல்லு." இருமினார். "இன்னொண்ணு. இனிமே பாடு நாளுக்கு மொத நாளு எவனும் என்கிட்ட ஊசிய எடுத்துனு வரக்கூடாது. அடுத்த நாளு வாங்க. எத்தினி குழா வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

அது நியாயம் என்றேன். அடுத்த சுற்றில் அவர் பாடு வந்தபோது கோவிந்தன் மாமா மறுபேச்சில்லாமல் படகை எடுத்தாராம். இறால் குறைவுதான், காலம் தப்பிவிட்டது.

எங்கள் லேபில் மாதம் ஒருமுறை எல்லோரும் கூடி, குழப்பிய ரிப்போர்ட் ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். யோரிஸ் இதை என்னைச் சொல்லச் சொன்னான். டச்சு மொழியில் அரைமணி நேரம் பேசுவது ஒரு பயம், அம்மாவின் பெயரை வெள்ளைக்காரர்கள் நடுவில் இழுப்பது இன்னொரு பயம். அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு அம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று தினேஷ் சொல்லியிருந்தான். அதனால் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று போன் செய்தேன்.

"யாரு வெச்சாங்கன்னு சொல்லமாட்டேன்மா. வர வழியில ஐஸ் பட்டுடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"ஏன், நான்தான் வெச்சேன்னு சொல்லு. எனக்கு இன்னா வெக்கம்? பெத்த புள்ள மாதிரி பாத்து வெச்சேன்." பஸ் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் மறுபடியும் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. "ஆனா ஐஸு பாதி கரைஞ்சிதான் ரத்தம் கெட்டுச்சுனு மட்டும் அங்க சொல்லிடாத. பொன்னேரி போற வரைக்கும் கட்டி கட்டியா அப்படியே இருந்துச்சு."